பம்பர வெட்டு

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, மீட்டர், நான், மூவரும் நலம். மீட்டர் உனக்கு மாமாவாகி இருபத்து நாலு வருடம் ஆகிறது. இன்னமும் நீ போனில் "மீட்டர் எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்கிறாய். அவருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. முட்டிவலிதான் விட்டபாடில்லை. "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு" என்று எண்ணிக்கொண்டே படியேறுகிறார். முன்பு நீ ஆடுவதற்குத் தாளம் எண்ணி மீட்டர் என்று பெயர் வாங்கிய மனிதர், இப்போது மாடிப்படிக்கு எண்ணுகிறார்.

போனில் பேசினால் நீ "ம்", "சரிக்கா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நம் பெட்டித் தொழிற்சாலையை ஒரு பெரிய கம்பெனி விலைக்குக் கேட்கிறது. அவர்களிடம் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறதாம், நம்முடையது பன்னிரண்டாவது. எனக்கும் அட்டைத் தூசியில் இருமல் நிற்பதில்லை. என் மகளோ பல் மருத்துவம் படிக்கிறாள். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வாளே தவிர இந்தக் கதவைத் திறக்க வரமாட்டாள். கொடுத்துவிடலாம் என்று நானும் மீட்டரும் முடிவு செய்திருக்கிறோம். அப்பா ஆரம்பத்திலேயே பத்திரத்தில் நம் இருவர் பெயரையும் போட்டுவிட்டதால் உன் கையெழுத்து இல்லாமல் ஆகாது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் போட்டு அனுப்பு. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தான். கடைசியில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தத் தொழிலுக்கு எப்படி மேடம் வந்தீங்க?" என்று கேட்டான். "ஹிப்-ஹாப்" என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். நாற்பத்தேழு வயது, மூக்குக் கண்ணாடி, முந்தானையெல்லாம் பசை. பாவம், அவன் என்ன செய்வான்?

பிறகு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்வீட்டுக் கப்பல்காரர் கொண்டுவந்த கேசட்டிலிருந்து தொடங்கினேன். உனக்குப் பதினாலு வயது, எனக்குப் பதினேழு. அதில் ஒரு வார்த்தை நமக்குப் புரியவில்லை. ஆனால் அந்த அடி நேரே நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. யாரோ ஒருவன் தன் தெருவைப் பற்றிக் கோபமும் கிண்டலுமாக அடுக்கிக்கொண்டே போகிறான் என்பது மட்டும் தெரிந்தது. அட, இது நான் வீட்டில் தினமும் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன். மறுநாளே தண்ணீர்க் குழாய் வரிசையைப் பற்றி நாலு வரி கட்டினேன். அம்மா அகப்பையோடு துரத்தினாள்.

நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரை நினைவிருக்கிறதா? நீ தலைகீழாகச் சுற்றினால் உச்சந்தலை உரிந்துவிடும். அதற்காகத்தானே ஃப்ரிட்ஜ் கடை வாசலில் வியாழக்கிழமைதோறும் தவம் கிடந்தோம். லாரி வந்து, பெட்டி பிரித்து, அட்டை வெளியே விழும்வரை நகரமாட்டோம். நகத்தால் சுண்டிப் பார்த்தே இது மூன்று அடுக்கு, இது ஐந்து அடுக்கு என்று நான் சொல்வேன். கடைக்காரரே அசந்துபோவார். ஒருமுறை அப்பா ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். அப்பா கண்ணாடியில் நம்மைப் பார்த்துவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நம் நிறுத்தம் வந்ததும், பின்கதவு நடைபாதைக்கு நேரே வரும்படி பார்த்துப் பார்த்து நிறுத்தினார்.

மற்ற தெருக்காரர்களும் ஆட ஆரம்பித்து நம்மிடம் அட்டை கேட்டு வந்தார்கள். நான் அளவாக வெட்டி, ஓரத்துக்குத் துணிநாடா ஒட்டிக் கொடுத்தேன். அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் செருப்புக்கடை அம்மா, "இதையே பெட்டியா மடிச்சுக் குடுப்பியா?" என்று கேட்டாள். பெட்டி செய்யத் தெரியுமா எனக்கு? ஆனால் ஆட்ட வட்டத்துக்குள் காலை வைத்தவள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல முடியுமா? பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், இறங்கிவிட வேண்டியதுதான். "நாளைக்குத் தர்றேன்" என்றேன். வங்கி மேலாளர் என்ன அனுபவம் என்று கேட்டபோதும் அதே கதைதான். அட்டையில் ஆறு வருஷம் என்றேன். எந்தக் கம்பெனியில் என்றார். "தலைகீழா நிக்கிற கம்பெனி சார்" என்று சொன்னேன். நீ பக்கத்தில் நின்று என் காலை மிதித்தாய்.

சனிக்கிழமை வட்டத்தைப் பற்றிக் கேட்டதும் டை தம்பிக்கு வாயெல்லாம் பல். வேலை முடியும் முன் பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நிற்பது, யார் வேண்டுமானாலும் நடுவே வந்து மனதில் இருப்பதைச் சொல்வது, சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசாமல் இருப்பது, பொய் என்று பட்டால் எல்லோரும் சேர்ந்து ஊளையிடுவது. இதெல்லாம் எந்தக் கல்லூரியில் படித்தது என்று கேட்டான். நூலகத்துக்குப் பின்னால் என்றேன்.

கண்ணாடி டம்ளர் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் நம் தொழிற்சாலைக் கதை முடியாதே. முதல் பெரிய ஆர்டர், நானூறு பெட்டி, அட்டைக்குள் ஓடும் நெளிவுக் கோட்டைக் குறுக்கே படுக்கவிட்டு நீ வெட்டிவிட்டாய், அடுக்கி வைத்த பெட்டியெல்லாம் ஒரே இரவில் உட்கார்ந்துவிட்டன. இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் பாடம் அதுதான். இதையெல்லாம் குத்திக்காட்ட எழுதவில்லை. நான் அதை எப்போதோ மன்னித்துவிட்டேன். இருபத்திரண்டு வயதில் யார்தான் தப்பு செய்யவில்லை?

நேரத்துக்குச் சாப்பிடு. காகிதங்களைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 19

என் அன்புத் தம்பிக்கு,

உன் உறை நேற்று வந்தது. எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், ஒன்றைக்கூட விடவில்லை. கூட ஒரு வரி இருக்குமா என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். மீட்டர் வாங்கி அவரும் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

காகிதம் மடங்காமல் இருக்க இரண்டு அட்டைத் துண்டுக்கு நடுவே வைத்து அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போடப்போனேன். பழக்கதோஷம், விரல் தானாகத் தடவிப் பார்த்தது. மூன்று அடுக்கு. கோடு மேலிருந்து கீழாக நேரே நிற்கிறது. ஓரத்தில் சாக்பீஸால் மேல்நோக்கி ஒரு அம்பு, கோடு ஓடும் திசையைக் காட்டி. உன் அம்பு. வால் கொஞ்சம் கோணலாக இருக்கும் அதே அம்பு.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மீட்டர் தண்ணீர் கொண்டுவந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இருபத்திரண்டு வருஷம்" என்றார். எண்ணுகிற புத்தி எங்கே போகும்?

தம்பி, நீ என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் ஜெயித்தும் இருப்பேன். வாயாடி என்று பெயர் எடுத்தவளிடம் வாயை மூடிக்கொண்டு ஜெயித்தவன் நீ ஒருவன்தான். போன கடிதத்தில் மன்னித்துவிட்டேன் என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. யாரை யார் மன்னிப்பது?

நடந்ததை நடந்தபடி இப்போது எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் என் கையால் எழுதி நீ படிக்க வேண்டும்.

நாம் ஆடிய நாளில் அட்டையை எப்போதும் கோடு குறுக்கே படுத்திருக்கும்படிதான் போடுவோம். அப்படிப் போட்டால் நீ தலையில் சுற்றும்போது நடுவில் மடங்காது. அது நான் கண்டுபிடித்த சட்டம். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! வேறு தெருக்காரன் யாராவது நெட்டுக்குப் போட்டால் அவனை வைத்து நாலு வரி கட்டிப் பாடிவிடுவேன். டம்ளர் பெட்டிக்கு மாதிரி அட்டையில் அளவு குறித்து அம்பு போட்டது நான். என் சட்டப்படியே போட்டேன், கோடு குறுக்கே படுக்கும்படி. நீ கத்தியைக் கையில் எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றாய். "அக்கா, இது மேல ஆள் சுத்தப்போறதில்ல, பெட்டி ஏறப்போகுது. கோடு நிக்கணுமோ?" என்று கேட்டாய். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நம்ம அட்டை நமக்குத் தெரியாதா? வெட்டுடா" என்றேன். நீ வெட்டினாய்.

மறுநாள் காலையில் டம்ளர்க்காரர் கூப்பிட்டனுப்பினார். கிடங்கில் கீழ்வரிசைப் பெட்டியெல்லாம் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருந்தது. உள்ளே டம்ளர் நொறுங்கிக் கிடந்தது. அவர் கத்தினார், அப்பா கைகட்டி நின்றார். அப்பா யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் வாய் முந்திக்கொண்டது. "எல்லாம் இவன் பண்ணதுப்பா. வெட்டத் தெரியாம வெட்டிட்டான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். என் அம்பு போட்ட மாதிரி அட்டை உன் கக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் முடிந்தது. நீ காட்டவில்லை. இரண்டு வாரத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாய். அப்பாவும் பையனுக்குப் பொறுப்பு வரட்டும் என்று வழியனுப்பி வைத்தார்.

அப்பா இறந்தபோது மூன்று நாள் வந்திருந்தாய். கடைசிவரை அவர் உன்னைத்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன், சாயங்காலம் அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு "என் பொண்ணு தனி ஆளா தூக்கி நிறுத்தினா" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். வாய் திறக்காது. அந்தப் பெருமையை விட மனமில்லாமல்தான் இருந்தேன் தம்பி. வேறு காரணம் எதுவும் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அன்றிலிருந்து நம் தொழிற்சாலையில் கோடு மாற்றி வெட்டினால் அதற்குப் பெயர் "பம்பர வெட்டு". யார் வைத்தது என்று கேட்காதே, நான்தான். தலையில் சுற்றுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று நான்தானே உனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தேன். நீ வட்டத்துக்குள் இறங்கும்போதெல்லாம் நான் பாடுவேனே:

"பாட்டு நின்னாலும் பம்பரம் நிக்காது,
பார்த்துட்டே இரு நீ, கண்ணுக்குச் சிக்காது."

அந்தப் பெயரைத்தான் கழிவு அட்டைக் கூடையில் ஒட்டி வைத்தேன். உன்னைப் பார்த்தே இராத நாற்பது பேர் உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டு போவேன், வருவேன். முதல் இரண்டு வருடம் உறுத்தியது. பிறகு எனக்கே அந்தக் கதை உண்மையாகிவிட்டது. உன் அட்டையைத் தடவும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

இன்று சனிக்கிழமை. வட்டம் கூடியது. நான் நடுவே போனேன். நான் போனால் வழக்கமாக ஆர்டர், விடுமுறை, கழிப்பறைச் சுத்தம் என்று ஏதாவது சொல்வேன், அவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பார்கள். இன்று முழுக்கதையையும் சொன்னேன். நீ கேட்ட கேள்வியையும் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்தேன். பதினாலு வருடமாக பஞ்சிங் மெஷினில் நிற்கிற அந்த அம்மாதான் முதலில், "அப்ப இத்தன வருஷமா நாங்க தப்பான ஆளைத் திட்டிட்டு இருந்தோமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு ஊளையிட்டார்கள் பார், கூரைத் தகடு அதிர்ந்தது. பொய்க்கு ஊளையிடுவதுதான் நம் சட்டம், இருபத்திரண்டு வருடப் பொய்க்கு எவ்வளவு நேரம் இடவேண்டும்? எல்லோரையும்விட மீட்டர்தான் பலமாக ஊளையிட்டார். வீட்டுக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

கூடையில் ஒட்டியிருந்த பெயரைக் கிழித்தாகிவிட்டது. அதற்கு வேறு பெயர் என்ன என்று ஒரு வாக்கெடுப்பே நடந்தது. அங்கே எல்லோரும் என்னை அக்கா என்றுதானே கூப்பிடுகிறார்கள். அதனால் இனி அது "அக்கா வெட்டு". பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வெட்டுமேசையிலிருந்து ஒரு குரல், "ஒரு அக்கா வெட்டு விழுந்திருச்சு!" சுருக்கென்றது. எனக்கு அரை நொடி சுருக்கென்றதே இப்படி இருக்கிறதே, உனக்கு எப்படி இருந்திருக்கும்?

வந்ததும் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அப்பா படத்தருகே போய் நின்று, "கேட்டீங்களா?" என்று மட்டும் சொன்னாள்.

இன்னொரு விஷயம். டை தம்பியிடம் நம் கதையைச் சொன்னபோது எல்லாம் நான் செய்த மாதிரியே சொல்லிவிட்டேன். அட்டையைச் சுண்டிப் பார்த்தது நான், வாயால் ஆர்டர் பிடித்தது நான். ஆனால் தினமும் உச்சந்தலையை வைத்து அட்டையைச் சோதித்தவன் யார்? எது எத்தனை நாள் தாங்கும் என்று உன் மண்டை சொல்லித்தானே எனக்குத் தெரிந்தது. இந்தத் தொழிலே உன் தலையில் நின்றதுதான். அவனைக் கூப்பிட்டு இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லவேண்டும்.

தொழிற்சாலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. கொடுத்தால்தான் உடம்புக்கு நல்லது என்று மீட்டர் சொல்கிறார், அதுவும் சரிதான். நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன். கொடு என்றால் கொடுப்பேன். ஆனால் நீ ஒருமுறை வந்து அந்தக் கூரைக்குக் கீழே நிற்காமல் கொடுக்கமாட்டேன். அதனால் நீ கையெழுத்துப் போட்ட காகிதங்களை இந்த உறையிலேயே திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாதே. கொடுப்பதாக இருந்தால் உன் கையால் கொண்டுவந்து கொடு.

வருகிற சனிக்கிழமை வட்டத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கச் சொல்லியிருக்கிறேன். உனக்கு நாற்பத்து நாலு வயதாகிறது. தலையில் நிற்கவேண்டாம், காலில் நின்றால் போதும். நடுவே வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். உனக்கு அது நம்பமுடியாமல் இருக்கும், வந்து பார். அந்தச் சனிக்கிழமைக்கு முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமை. முப்பதாம் தேதி போனால் போகட்டும்.

எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இரு. அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

காகிதம் மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்திருக்கிறேன். மெஷினில் கொடுக்காமல் என் கையாலேயே வெட்டினேன், அம்பும் நானே போட்டேன். கோடு நிற்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துச் சொல். அன்றைக்கு நீ கேட்டபோது நான் பார்க்கவில்லை.

உன் அக்கா